பச்சைக்குக் கீழே வெள்ளை

ஷீலா, டேவிட்,

போன மாதம் டேவிட் என் கம்ப்யூட்டரில் நான் வேலை பார்த்த அந்தத் தீவைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அது பழைய படம் இல்லை. அந்த நிமிஷம் அங்கே என்ன நடக்கிறதோ அதுதான் தெரிகிறது. பாறை விளிம்பில் கேமரா வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் மைக்கும் இருக்கிறது. பிளசன்டன் வீட்டுச் சோபாவில் சாய்ந்துகொண்டு காபி குடித்தபடி பார்க்கலாம். நாங்கள் அதைப் பார்ப்பதற்கு வயிற்றால் ஊர்ந்து போனோம்.

ஷீலா, நீ என் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்பா, சம்மர்ல நீங்க வீட்லயே இருந்ததில்ல. அங்க அப்படி என்னதான் பண்ணீங்க?" என்று கேட்டாய். நீ கோபமாகக் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. "கிரேன் ஓட்டினேன்மா" என்று சொன்னேன். போன ஞாயிற்றுக்கிழமை டேவிட் வந்தபோது, "வை இஸ் இட் ஆன் மியூட்? சத்தத்தோட பாத்தாதானே நல்லா இருக்கும்?" என்று ஸ்பீக்கரைக் கூட்டப் போனான். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். ஏன் என்று சொல்லவில்லை.

இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். வாயால் சொன்னால் பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். பிழை இருந்தால் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டேவிட்டுக்குத் தமிழ் வாசிக்க வராது, ஷீலா வாசித்துக் காட்டட்டும்.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் பிறந்தேன். கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்தேன். உங்கள் அம்மாவுக்கு ஹேவர்டில் நர்ஸ் வேலை கிடைத்து வந்தோம். எனக்கு இங்கே எந்தப் படிப்பும் செல்லவில்லை. சர்ச்சில் பழகிய ஒருவர், "பறவைத் தீவில் போட்டும் கிரேனும் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள், யாரும் நிலைப்பதில்லை" என்றார். போனேன். நிலைத்துவிட்டேன். பயிற்சி என்று சொன்னால் முதல் ஒரு வருஷம் என்னைத் திட்டினார்கள், அவ்வளவுதான்.

கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வெளிக்கடலில் அரை நாள் போக வேண்டும். மரமே இல்லாத பாறைகள். தீவின் பாறையோரம் போட்டைக் கட்ட இடம் கிடையாது. அலை எப்போதும் ஏறி இறங்கும். அதனால் பாறை மேல் ஒரு கிரேன். போட் கீழே வந்ததும் கொக்கியை இறக்குவேன். கீழே இருப்பவர் நாலு கயிற்றையும் மாட்டிவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டுவார். நான் உடனே தூக்கக் கூடாது. அலை மேலே வரும்போது தூக்கினால் கயிறு தொய்ந்து வெட்டி இழுக்கும். அலை கீழே போகிறபோது தூக்கினால் போட்டின் முழு பாரமும் சட்டென்று விழும். அலை உச்சிக்கு வந்து ஒரு கணம் நிற்கும், அந்தக் கணத்தில் தூக்க வேண்டும். ஆட்களோடு சேர்த்துத்தான் தூக்குவேன். அந்தக் கணத்துக்குக் காத்திருப்பதுதான் என் வேலை. மற்றபடி ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி, ஆணி, பெயின்ட்.

தீவின் பொறுப்பு டாக்டர் எலனிடம் இருந்தது. பறவைப் படிப்பில் டாக்டர். ஒல்லியான அம்மா. நரைத்த முடியைக் கம்பளித் தொப்பிக்குள் திணித்திருப்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தீவில் மெல்லப் பேசிப் பேசி ஊரிலும் அப்படியே பேசுவார். கடையில் பிரெட் வாங்கும்போதுகூட ரகசியம் சொல்வது போலத்தான் கேட்பார். கடைக்காரர் காதைக் கொண்டு வந்து வைப்பார். என்னை எல்லாரும் 'ரே' என்று கூப்பிட்டார்கள். அவர் ஒருவர்தான் 'ராயப்பன்' என்று முழுசாகச் சொல்லக் கற்றுக்கொண்டவர்.

அங்கே இருந்த பறவைக்கு ஆங்கிலத்தில் மர் என்று பெயர். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. நெட்டுக்குத்தாக நிற்கும். கூடு கட்டாது. வெறும் பாறை விளிம்பில் ஒரே ஒரு முட்டை. அந்த ஒரு சாண் இடம்தான் அதன் வீடு. வருஷம் பூராவும் கடலில் திரிந்துவிட்டு, வசந்தம் வந்ததும் ஆயிரக்கணக்கான பறவைக்கு நடுவே அதே சாண் இடத்துக்கு வந்து நிற்கும். ஜோடியும் அங்கே வந்து சேரும்.

மனுஷனைக் கண்டால் மொத்தக் கூட்டமும் எழும்பிப் பறந்துவிடும். அப்போது முட்டை உருளும். கடல்காக்கைகள் அதற்கென்றே காத்திருக்கும். ஒருவன் ஒரு தடவை எழுந்து நின்றால் அந்த வருஷத்துப் பிள்ளைகளில் பாதி போய்விடும். அதனால் விளிம்புக்கு மேலே பலகையால் ஒரு மறைவுக் கூண்டு அடித்து வைத்திருந்தோம். அதற்குப் போகும் பாதையில் கடைசிப் பகுதியை ஊர்ந்து கடக்க வேண்டும். தலையில் ஹெல்மெட், இல்லாவிட்டால் கடல்காக்கை மண்டையைக் கொத்தும். மேலே ஒரு பழைய ரெயின்கோட். அதன் மேல் விழும் எச்சத்தைத் துடைக்கவும் கூடாது. கையை அசைத்தால் போச்சு. கூண்டுக்குள் நுழைந்து கதவை இழுத்துக்கொண்ட பிறகுதான் மூச்சு விடலாம். "உங்க நிழல் உங்களுக்கு முன்னாடி போகக் கூடாது, ராயப்பன்" என்பார் டாக்டர். வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் எங்களை அனுப்புவார்.

கூண்டின் பலகை ஆடுகிறது என்று சரி பண்ணப் போன இடத்தில்தான் முதன்முதலில் அருகில் பார்த்தேன். என் கண் முன்னே ஒரு கடல்காக்கை வந்து ஒரு குஞ்சின் கழுத்தைப் பிடித்தது. கை நீட்டினால் எட்டும் தூரம் மாதிரி இருந்தது. நான் எழப் போனேன். டாக்டர் என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். இரும்புப் பிடி. காக்கை விழுங்கிவிட்டுப் போன பிறகுதான் விட்டார். "நீங்க எழுந்திருந்தா அந்த ஒண்ணு பிழைச்சிருக்கும்" என்றார். அவர் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

சில பறவைகளுக்குக் காலில் வளையம் மாட்டியிருந்தோம். ஒரு காலில் எண் போட்ட உலோக வளையம், இன்னொரு காலில் நிற வளையங்கள். தூரத்திலிருந்தே ஆளை அடையாளம் தெரிய வேண்டும் என்று. பெயர் வைக்க டாக்டர் விடமாட்டார். பெயர் வைத்தால் பாசம் வந்துவிடும், கண் சரியாகப் பார்க்காது என்பார். நிறத்தைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கூண்டுக்கு நேர் கீழே பாறையில் ஒரு வெடிப்பு. அதன் பக்கத்தில் ஒரு ஆண் பறவை. பச்சைக்குக் கீழே வெள்ளை. அதன் ஜோடிக்கு நீலம் மட்டும்.

மர் குஞ்சு மூன்று வாரத்தில் குதித்துவிடும். இறக்கைகூட முளைத்திருக்காது. அப்பன் முதலில் கடலில் இறங்கி நின்று கூப்பிடும். குஞ்சு விளிம்பில் நின்று கீச்சுக் கீச்சென்று பதில் சொல்லும். பதில் சொல்லிக்கொண்டே குதிக்கும். கீழே அத்தனை அப்பன்கள் கத்துகிற சத்தத்தில் தன் அப்பன் குரலை அது பிரித்து எடுத்து நீந்திப் போகும். அதன்பிறகு அம்மா கூட வராது. அப்பனும் பிள்ளையும் மட்டும் இரண்டு மாதம் கடலில். அப்பன் முக்குளித்து மீன் எடுத்து வந்து ஊட்டும். முக்குளிக்கிற நேரம் குஞ்சு மேலே தனியாக மிதந்து கத்திக்கொண்டே இருக்கும். அப்பன் மேலே வந்ததும் நிறுத்தும்.

நான் சொல்லப் போகிற வருஷம் பச்சை வெள்ளையின் குஞ்சு குதித்ததை நானே பார்த்தேன். பாறையில் ஒரு தடவை முட்டி, உருண்டு, தண்ணீரில் விழுந்து, நீந்தியது. டாக்டர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவரிடம் அது பெரிய கொண்டாட்டம்.

இப்போது தாஸ் அங்கிள் கதைக்கு வருகிறேன்.

அதற்கு முந்தின குளிர்காலத்தில் ஒரு புயலில், தீவுக்குச் சற்றுத் தள்ளிக் கடலில் எங்கள் போட்டைக் கட்டும் மிதவை அறுத்துக்கொண்டு போய்விட்டது. ஆரஞ்சு நிற மிதவை. நான் அதில் பெயின்டில் பெரிதாக 'ஆர்' என்று எழுதியிருந்தேன். சில நாள் கழித்துத் துறைமுகத்தில் ஒரு மெலிந்த மனிதர் அதைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு போட்டாகப் போய், "யுவர்? யுவர்?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். எல்லாரும் சிரித்தார்கள். அந்த மிதவையைக் கடலிலேயே விட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என் கிட்டே வந்தபோது மூச்சு வாங்கியபடி, "சனியன், என்ன பாரம் பார்" என்று தனக்குத்தானே முனகினார்.

"பாரம்தான் தம்பி. உள்ள தண்ணி ஏறியிருக்கும்" என்றேன்.

மிதவையை என் கால் மேலேயே போட்டுவிட்டார்.

"ஐயோ அண்ணை! நீங்கள் தமிழோ! காலில பட்டிட்டுதோ?"

"பட்டுச்சு, பரவாயில்ல. எங்க கிடைச்சது?"

"வலையில வந்தது. அடையாளம் போட்டிருக்கு. அடையாளம் போட்ட சாமானைக் கடலில திருப்பி விட ஏலுமோ? கரைக்குக் கொண்டுவந்து உரியவனிட்டக் குடுக்கத்தானே வேணும்."

எங்கள் கரையிலும் அதே வழக்கம்தான். மிதவையோ நங்கூரமோ, அடுத்தவன் அடையாளத்தோடு வலையில் வந்தால் கரை சேர்த்தாக வேண்டும். அதற்குக் கூலியும் கேட்கக் கூடாது. இந்த ஊரில் அதை ஒரு மனுஷன் செய்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவன் பெயர் மரியதாஸ். மன்னார்க்காரன். கலவரத்துக்குப் பிறகு அங்கே கடலுக்குப் போக முடியாமல் போனது. மனைவியும் பையனும் படகேறி மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். இவன் எப்படியோ சுற்றி இங்கே வந்தான். ஒரு இத்தாலிக்காரக் கிழவரிடம் வலை இழுத்து, பிறகு கிழவர் ஓய்வெடுத்தபோது அவருடைய சின்னப் போட்டைத் தவணையில் வாங்கிக்கொண்டான். கரையோரம் ஆழம் குறைந்த கடலில் செவுள் வலை போட்டு ஹாலிபட் பிடிப்பான். அதை அவன் பெரிய நாக்கு மீன் என்பான். கையில் நிலையான தொழில் இருக்கிறது என்று காட்டினால்தான் குடும்பத்தைக் கூப்பிட வழி பிறக்கும். அதற்காகத்தான் அந்தப் போட்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நம் வீட்டுக்கு வருவான். அம்மா மீன் குழம்பு வைப்பாள். உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம், அவன் ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டு வருவான். சாப்பிட்டு முடித்து உங்கள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மகனுக்குக் கேசட் பேசுவான். ஒரு பக்கம் முழுக்கப் பேசுவான். கடலைப் பற்றி, மீனைப் பற்றி, ஷீலா பள்ளிக்கூடத்தில் பாடியதைப் பற்றி. "என்னத்தைத் தம்பி இவ்வளவு பேசுற?" என்று அம்மா கேட்பாள்.

"அக்கா, நான் வரேக்க அவன் கைப்பிள்ளை. முகம் நினைவிருக்காது. குரலையாவது தெரிஞ்சு வைச்சிருக்கட்டும்."

அந்தக் கேசட் மண்டபம் போகும். அங்கிருந்து ஒரு கேசட் வரும். அதில் பையன் ஒரு வரி பேசுவான். தாஸ் அந்த ஒரு வரியைத் திருப்பித் திருப்பிப் போடுவான்.

அந்த வருஷம் செப்டம்பரில் ஒரு ஞாயிறு. நான் தீவிலிருந்து வந்து சில நாள் ஆகியிருந்தது. தாஸ் வந்தான், ஆனால் சாப்பிட உட்காரவில்லை. தூண்டில் முள் போட்டு வைக்கும் சின்னத் தகர டப்பாவை மேஜையில் வைத்தான். "அண்ணை, இது உங்கட ஆக்களின்ர சாமான்" என்றான்.

திறந்தேன். உள்ளே கால் வளையங்கள். உலோகமும் பிளாஸ்டிக்கும்.

ஷீலா, நீ அப்போது என் பக்கத்தில் நின்றாய். ஒன்றைக் கம்பியிலிருந்து உருவி விரலில் மாட்டிப் பார்த்து, "அங்கிள், இஸ் இட் ஃபார் எ டால்?" என்று கேட்டாய். நான் உன் விரலிலிருந்து கழற்றினேன். பச்சை வளையம். டப்பாவில் அது இருந்த மெல்லிய கம்பியில் வெள்ளை ஒன்றும், எண் போட்ட உலோக வளையம் ஒன்றும் இருந்தன. தாஸ் ஒவ்வொரு பறவையுடையதையும் தனித்தனியாகக் கோத்து வைத்திருந்தான், கலந்துவிடக் கூடாதென்று.

"வலையில வந்து சாகுது அண்ணை. இந்த வருஷம் கணக்கில்லாம வருது. மீனைக் கண்டு கீழ போகுதுகள், நைலோன் கண்ணுக்குத் தெரியாது. நான் இழுக்கேக்க எல்லாம் முடிஞ்சு கிடக்கும். மற்றவங்கள் பிய்ச்சு எறியிறாங்கள். நானும் எறியிறதுதான். காலில அடையாளம் இருக்கிறதை மட்டும் கழற்றி வைச்சன்."

"இது எப்ப வந்தது?" பச்சையைக் காட்டிக் கேட்டேன்.

அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அதைக் கேக்கமாட்டியள் எண்டு நினைச்சன்" என்றான். "அதுக்கு ஒரு குஞ்சு இருந்தது. வலையை இழுக்கேக்க குஞ்சு போட்டைச் சுத்திச் சுத்தி நீந்திச்சுது. கீச்சுக் கீச்செண்டு கத்தல். தகப்பனை நான் வலையில இருந்து எடுக்கிறன், அது கீழ நிண்டு கத்துது. எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுக் கைவலையால அள்ளப் பாத்தன். முங்கிப்போட்டுது. பிறகு அங்கால எழும்பிக் கத்திச்சுது. நெடுநேரம் நிண்டன் அண்ணை. மற்ற போட்காரன் வந்து, 'என்னடா, மீனுக்குச் செபம் சொல்றியோ' எண்டு கேட்டிட்டுப் போறான். அது கிட்ட வரேல்ல. தூரமும் போகேல்ல."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் டப்பாவை மூடி அவன் பக்கம் தள்ளினேன். "தாஸு, யோசிச்சுக்க. இதை நான் டாக்டர்கிட்ட குடுத்தா அவங்க சும்மா இருக்க மாட்டாங்க. கரையோரம் வலையே போடக் கூடாதுன்னு ஏற்கெனவே பேச்சு நடக்குது. உன் போட்தான் முதல்ல நிக்கும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அடையாளம் போட்ட சாமான் அண்ணை. நான் என்னெண்டு வைச்சிருக்கிறது?" என்று டப்பாவைத் திரும்ப என் பக்கம் தள்ளினான். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டான். அன்றைக்கு அவன் கேசட் பேசவில்லை.

மறுநாள் கரையில் இருந்த எங்கள் ஆபீஸ் அறையில் டாக்டரிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாக மேஜையில் வைத்துக்கொண்டே வந்தார். பச்சைக்குக் கீழே வெள்ளையை எடுத்ததும் கை நின்றது. எண்ணை அவர் பார்க்கவே இல்லை.

"குஞ்சு?" என்று கேட்டார்.

தாஸ் சொன்னதைச் சொன்னேன். பெயர் வைக்கக் கூடாது, பாசம் வரக் கூடாது என்று சொன்னவர் அந்த மூன்று வளையங்களையும் உள்ளங்கையில் மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். நான் வெளியே வந்து போட்டின் எஞ்சினைத் துடைத்தேன். துடைக்க ஒன்றுமில்லை.

சாயங்காலம் அவர் வந்தார். "கடலில் பார்த்தவர் யாராவது வந்து சொன்னால் அதிகாரிகள் கேட்பார்கள். நாங்கள் சொன்னால் பறவைக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று போய்விடும்" என்றார்.

"அவனை நான் கேட்க மாட்டேன், டாக்டர். அவனுக்குப் பையன் முகாமில் இருக்கிறான்."

அவர் தரையைப் பார்த்தார். "சரி. நானும் கேட்கவில்லை" என்றார். அப்புறம் அதைப் பற்றி எங்களுக்குள் பேச்சில்லை.

துறைமுக ஊரில் அரசாங்க அதிகாரிகள் வந்து கூட்டம் போட்டார்கள். ஹால் நிறைய மீனவர்கள். இத்தாலிக்காரர்கள், வியட்நாம்காரர்கள், எல்லாரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று நினைக்காதீர்கள். எல்லாரும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நின்றவர்கள்தான். டாக்டர் எழுந்து பேசினார். பின்னால் இருந்து, "சத்தமா பேசும்மா, முட்டை ஒண்ணும் உடையாது!" என்று ஒருவர் கத்தினார். சிரிப்பு. இன்னொருவர், "பறவைக்கு வக்கீல் வந்தாச்சு, எங்களுக்கு யாரு?" என்றார். அதற்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது தாஸ் எழுந்தான். அவன் வருவது எனக்குத் தெரியாது. பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். என்னிடம் வந்து, "அண்ணை, நான் தமிழில கதைக்கிறன். நீங்கள் அவையளுக்குச் சொல்லுங்கோ. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றான்.

என் வாழ்க்கையில் நான் செய்த வேலையிலேயே கடினமானது அதுதான். கிரேன் வேலையெல்லாம் ஒன்றுமில்லை. அவன் ஒரு வரி சொல்வான், நான் என் உடைந்த ஆங்கிலத்தில் சொல்வேன்.

"நான் மீன் பிடிக்கிறவன். கரைக்குக் கிட்ட வலை போட்டா இந்தப் பறவை வருது. நிறைய வருது. வராது எண்டு சொல்லுறது பொய்."

சொன்னேன். பின்னால் நாற்காலிகள் நகர்ந்தன.

"ஆனா வலையை விட்டா எனக்கு வேற தொழில் இல்ல. என்ர போட் சின்னன். ஆழத்துக்குப் போனா திரும்பி வராது. நிப்பாட்டுறதெண்டா எங்களுக்கு ஒரு வழி பண்ணிப்போட்டு நிப்பாட்டுங்கோ. என்ர பெடியன் மண்டபத்தில நிக்கிறான். நான் அவனைக் கூப்பிட வேணும்."

அதையும் சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். முன்வரிசையில் அதிகாரிகள் முதல் பாதியைக் குனிந்து எழுதிக்கொண்டார்கள். இரண்டாம் பாதிக்கு நிமிர்ந்து மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். "தாங்க் யூ, சார்" என்றார்கள். அவன் உட்கார்ந்தான்.

மறுநாள் காலை அவன் போட்டின் கம்பியில் செத்த மர் ஒன்றை யாரோ கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவனோடு யாரும் காபி குடிக்கவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இதுக்குக் காலில அடையாளம் இல்ல அண்ணை" என்று சொல்லி அதை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டான். அது பகிடி மாதிரிதான் இருந்தது. இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

ஆழம் குறைந்த கடலில் அந்த வலை போடக் கூடாது என்று சட்டம் வந்தது. ஒரேயடியாக வரவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக. பெரிய போட் வைத்திருந்தவர்கள் ஆழத்துக்குப் போனார்கள். தாஸின் போட் கட்டியபடி கிடந்து பாசி பிடித்தது. தீவில் அவனுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுக்க டாக்டர் நடையாய் நடந்தார். எங்கள் ஆபீஸில் அப்படி ஒரு இடம் இல்லை என்றார்கள். கடைசியில் டெக்சாஸில் இறால் போட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினான். பஸ் ஸ்டாண்டுக்கு டாக்டரும் வந்தார். என்ன சொல்வது என்று தெரியாமல் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி அவனிடம் கொடுத்தார். டெக்சாஸ் வெயிலுக்குக் கம்பளித் தொப்பி. அவன் அதைத் தலையில் போட்டுக்கொண்டே பஸ் ஏறினான்.

தாஸ் டப்பாவைக் கொடுத்ததற்கு அடுத்த வசந்தத்தில் தீவுக்குப் போனேன். டாக்டர் என்னைக் கூண்டுக்குள் கூப்பிட்டார். சரி செய்ய வேண்டிய பலகை எதுவும் இல்லை. தன் டெலஸ்கோப்பை என் பக்கம் நகர்த்தி, "நீங்கள் பாருங்கள்" என்றார்.

விளிம்பில் முன்பு நெரிசலாக இருந்த இடத்தில் பாறை தெரிந்தது. வெடிப்புப் பக்கத்தில் நீலம் தனியாக நின்றது. வாயில் ஒரு சின்ன மீன். குஞ்சு இல்லை, முட்டை இல்லை, ஜோடி இல்லை. யாருக்கு அந்த மீன் என்று தெரியாது. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது. சாப்பிடவும் இல்லை, போடவும் இல்லை. நாங்கள் ஊர்ந்து திரும்பும்போதும் அப்படியேதான் நின்றது.

தாஸ் டெக்சாஸில் முதலிலிருந்து தொடங்கினான். தொழில் புதிது, முதலாளி புதிது, பேப்பர் புதிது. பையனைக் கூப்பிடப் பல வருஷம் தள்ளிப்போனது. இறால் போட்டில் வாரக்கணக்கில் கடலில் இருந்ததால் கேசட்டும் குறைந்துபோனது. ஒரு நாள் எனக்குப் போன் பண்ணினான். பையன் ராமநாதபுரத்திலிருந்து கூப்பிட்டானாம்.

"நான் எடுத்து, 'ஆர் கதைக்கிறது?' எண்டு கேட்டன் அண்ணை. அங்கால சத்தமில்ல. திருப்பியும், 'ஹலோ, ஆர் கதைக்கிறது?' எண்டன். 'நான்தான் அப்பா' எண்டான். குரல் உடைஞ்சிட்டுது அண்ணை. பெரிய ஆம்பிளைக் குரல். எனக்குத் தெரியேல்ல" என்று சொல்லிச் சிரித்தான். சிரிப்பு நின்ற பிறகு நெடுநேரம் போனை வைக்கவில்லை.

பையன் பிறகு வந்து சேர்ந்தான். நல்ல பிள்ளை. அப்பாவிடம் மரியாதையாகப் பேசுவான். அவ்வளவுதான் என்று தாஸ் சொல்வான்.

இந்த வருஷம் கேமராவில் பார்த்தபோது விளிம்பு நிறைந்திருந்தது. பாறையே தெரியவில்லை. டாக்டர் எலன் இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டார். இதைச் சொல்ல எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆள். டேவிட் போட்டுக் கொடுத்த அன்றைக்கு மத்தியானமே டெக்சாஸுக்குப் போன் பண்ணினேன்.

"தாஸு, உன் பறவையெல்லாம் திரும்ப வந்துட்டுது. கேக்குறியா?" என்று ஸ்பீக்கரைக் கூட்டிப் போனை அதன் பக்கத்தில் பிடித்தேன். அவனுக்கும் எனக்கும் இப்போது காது கொஞ்சம் மந்தம். நன்றாகக் கூட்டினேன். நான் நினைத்தது அவன் சந்தோஷப்படுவான் என்று.

"ஓம் ஓம்" என்றான். "நிறையத்தான் இருக்குது போல. நல்லது அண்ணை, நல்லது."

குஞ்சு குதிக்கிற காலம். கீழே கடலிலிருந்து அப்பன்கள் கூப்பிடுகிற சத்தம். மைக்குக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குஞ்சு பதில் சொல்லத் தொடங்கியது. கீச்சுக் கீச்சென்று, நிறுத்தாமல்.

அந்தப் பக்கம் தாஸ் பேசவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று, "தம்பி?" என்றேன்.

"இருக்கிறன்." குஞ்சு இன்னும் கத்திக்கொண்டிருந்தது. "போதும் அண்ணை. நிப்பாட்டுங்கோ" என்றான்.

நிறுத்தினேன். அன்றிலிருந்து சத்தம் இல்லாமல்தான் பார்க்கிறேன்.

அப்பா